யார் வந்தார், யார் போனார்? பேஸ்பால் அணிச் செய்திகளைப் பின்தொடரப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளை நாலைந்து ஆட்டங்கள் பார்த்தாலே பிடித்துவிடலாம். ஒரு அணியைப் பின்தொடர்வதுதான் பெரிய வேலை. அமெரிக்காவின் மேஜர் லீகில் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். ஏறக்குறைய தினமும் ஓர் ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஓர் ஆள் மாற்றம். காலையில் போனைத் திறந்தால் ஒருவருக்குத் தோள்வலி, இன்னொருவர் மேஜர் லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகுக்குப் போகிறார், மூன்றாமவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்திகள் வரிசையாக நிற்கும். எதற்குக் கவலைப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று புதிதாக வருபவர்கள் திணறிப்போவார்கள். ஐபிஎல் ஏலத்தைப் போல ஒரே மூச்சில் அணி அமைந்துவிடும் ஆட்டம் இல்லை இது. வருடம் முழுக்க அணி மாறிக்கொண்டே இருக்கும்.

நான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகன். அதனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். விதிகள் எல்லா அணிக்கும் பொது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது: எந்தச் செய்தி வந்தாலும் அதில் இரண்டாவது பெயரைத் தேடுங்கள். அணியில் இருக்கும் இடங்கள் எண்ணிக்கையில் கட்டுப்பட்டவை. ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போயிருக்க வேண்டும். தலைப்பில் வரும் பெயரை எல்லோரும் பார்ப்பார்கள். அணியின் நிலைமை தெரிவது அந்த இரண்டாவது பெயரில்தான்.

அணியும் நேரமும்

மேஜர் லீகில் 30 அணிகள். அமெரிக்கன் லீகில் 15, நேஷனல் லீகில் 15. எந்த அணி என்பது உங்கள் மனசு. ஆனால் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்ப்பவர்கள் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. பாஸ்டனில் இரவு 7:10 ஆட்டம் என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 4:40. லாஸ் ஏஞ்சலஸில் அதே 7:10 என்றால் காலை 7:40, காபியோடு பார்க்கலாம். பாஸ்டனின் ஞாயிறு மதிய ஆட்டம் 1:35-க்குத் தொடங்கினால் இங்கே இரவு 11:05. அணிச் செய்திகள் பெரும்பாலும் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் வரும். அதாவது நாம் தூங்கப்போகும் நேரத்தில்.

26, 40 என்ற இரண்டு எண்கள்

ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும் ரோஸ்டரில், அதாவது வீரர் பட்டியலில், 26 பேர். செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து 28. அந்த 26-இல் பிட்சர்கள், அதாவது பந்து போடுபவர்கள், 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்கு மேலே இன்னொரு பட்டியல் உண்டு: 40 பேர் பட்டியல். மேஜர் லீக் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இதில் இருப்பார்கள். சிலர் பாஸ்டனிலும் சிலர் மைனர் லீகிலும் ஆடிக்கொண்டிருப்பார்கள். ரெட் சாக்ஸுக்கு மைனர் லீகின் மேல்படி அணி இருப்பது அதே மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரத்தில். பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். காலையில் போன் போனால் மாலை ஆட்டத்துக்கு ஆள் வந்துவிடலாம்.

சரி, ஒரு செய்தியைக் கையில் எடுத்து வரி வரியாகப் பார்ப்போம். அணி இப்படி ஓர் அறிவிப்பு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஒரு பிட்சர் 15 நாள் காயப் பட்டியலில் சேர்க்கப்படுகிறார், இரண்டு நாள் முன்தேதியிட்டு. வூஸ்டரிலிருந்து இன்னொரு பிட்சர் ரீகால் செய்யப்படுகிறார்."

முன்தேதியிட்டு என்பது அவர் ஏற்கெனவே இரண்டு நாளாக ஆடவில்லை என்பதைக் காட்டுகிறது. மூன்று நாள் வரை அப்படிப் பின்னால் போகலாம். பார்த்துப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, சரியாகாததால்தான் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியில் ரீகால், அதாவது திரும்ப அழைப்பது, என்று இருக்கிறது. அப்படியென்றால் வருபவர் ஏற்கெனவே 40 பேரில் ஒருவர். யாரையும் நீக்கத் தேவையில்லை, பதற்றமும் வேண்டாம். அதே வரியில் ரீகாலுக்குப் பதிலாக "ஒப்பந்தம் செலக்ட் செய்யப்பட்டது" என்று இருந்தால் கதை வேறு. வருபவர் 40 பேர் பட்டியலுக்கு வெளியே இருந்தவர். அவருக்கு இடம் வேண்டும். பட்டியல் நிரம்பியிருந்தால் அறிவிப்பின் கடைசி வரியில் ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் அவர்தான் வேலை இழந்தவர். அந்த வரியைப் படிக்காமல் போனை மூடாதீர்கள்.

காயம், ஆப்ஷன், டிஎஃப்ஏ

காயப் பட்டியலை எல்லோரும் ஐஎல் என்றே சொல்வார்கள். பிட்சர் அல்லாதவர்களுக்கு 10 நாள், பிட்சர்களுக்கு 15 நாள், பெரிய காயம் என்றால் 60 நாள். இவை குறைந்தபட்ச நாள்கள்தான். 10 நாளில் திரும்பி வந்துவிடுவார் என்று அர்த்தம் இல்லை. 10, 15 நாள் பட்டியலில் இருப்பவர் 26-இல் மட்டும் இடத்தை விடுகிறார். 60 நாளுக்கு மாற்றினால் 40 பேர் பட்டியலிலும் இடம் காலியாகிறது. ஆகவே ஏற்கெனவே காயத்தில் இருப்பவர் திடீரென 60 நாளுக்கு மாற்றப்பட்டால் உடனே அவர் உடல்நிலை மோசமாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். யாருக்கோ இடம் தேவைப்பட்டிருக்கிறது. அந்த யாரோ யார் என்று தேடுங்கள்.

ஆப்ஷன் என்பது 40 பேரில் இருக்கும் வீரரை மைனர் லீகுக்கு அனுப்பும் உரிமை. ஒரு வீரருக்கு மூன்று சீசன்களுக்குத்தான் இந்த உரிமை அணியின் கையில் இருக்கும். ஒரே சீசனில் ஐந்து தடவைக்கு மேல் அனுப்பவும் முடியாது. மூன்றும் தீர்ந்த வீரரை நினைத்தபடி கீழே அனுப்ப முடியாது. திறமை சமமாக இருக்கும் இரண்டு பிட்சர்களில் ஒருவர் அணியில் தங்குவதற்கும் இன்னொருவர் வூஸ்டருக்குப் போவதற்கும் பல சமயம் இது மட்டுமே காரணம். "நல்லா போட்டவனை ஏன் அனுப்பினாங்க?" என்று கோபம் வரும்போது முதலில் ஆப்ஷன் நிலவரத்தைப் பாருங்கள். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் ஒவ்வொரு அணியின் ரோஸ்டர் பக்கத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

டிஎஃப்ஏ (டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்) என்ற மூன்றெழுத்தைத்தான் நான் மனம் கனத்துப் படிப்பேன். ஒருவரை டிஎஃப்ஏ செய்தால் அந்த நொடியே 40 பேர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதன்பின் அணிக்கு ஏழு நாள் அவகாசம். அதற்குள் அவரை ட்ரேட் செய்யலாம் (வேறு அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு எதையாவது வாங்கலாம்), விடுவிக்கலாம், அல்லது வேவருக்கு அனுப்பலாம். வேவர் என்றால் மற்ற அணிகள் எல்லாவற்றுக்கும் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பு. புள்ளிப் பட்டியலில் கீழே இருக்கும் அணிக்கு முதல் உரிமை. யாரும் எடுக்காவிட்டால் மைனர் லீகுக்கு அனுப்பலாம். மேஜர் லீகில் மூன்று வருட அனுபவம் உள்ளவர், அல்லது முன்பே ஒருமுறை இப்படி அனுப்பப்பட்டவர், அதை மறுத்து விலகிக்கொள்ளலாம். அந்த ஒரு வாரம் அவர் எந்த ஊரில் வேலை செய்யப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது. குடும்பம் பாஸ்டனில் வாடகை வீட்டில் இருக்கும்.

வதந்தி எது, முடிவு எது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். ஒரு செய்தி நான்கு படிகளில் வரும். "ஆர்வமாக இருக்கிறார்கள்" என்பது முதல் படி. அதற்கு மதிப்பே கிடையாது, முப்பது அணியும் நல்ல வீரர் மேல் ஆர்வமாகத்தான் இருக்கும். "பேச்சு நடக்கிறது" என்பது இரண்டாவது. "ஒப்புக்கொண்டார்கள், மருத்துவப் பரிசோதனை பாக்கி" என்பது மூன்றாவது. அணியே அறிவிப்பது நான்காவது. நான்காவது படி வரும்வரை ஜெர்சி வாங்காதீர்கள்.

மூன்றாவது படியில் கலைந்தவை எத்தனையோ. கார்லோஸ் கொரியா 2022 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் 13 வருடம், 35 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். கணுக்கால் பரிசோதனையில் சந்தேகம் வந்து, அறிமுகக் கூட்டம் நடக்கவேண்டிய அன்றே அது தள்ளிப்போடப்பட்டது. உடனே நியூயார்க் மெட்ஸ் 12 வருடம், 31.5 கோடி என்றது. அங்கேயும் அதே கணுக்கால். கடைசியில் ஜனவரியில் மினசோட்டா ட்வின்ஸுடன் 6 வருடம், 20 கோடிக்குக் கையெழுத்தானது. இரண்டு ஊர் ரசிகர்கள் கொண்டாடிவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள்.

2023 டிசம்பர் 8 இன்னும் மோசம். ஷோஹெய் ஓடானி எந்த அணிக்குப் போவார் என்று உலகமே காத்திருந்த நேரம். கலிஃபோர்னியாவிலிருந்து டொரோன்டோவுக்கு ஒரு தனி விமானம் பறக்கிறது, அதில் அவர்தான் இருக்கிறார் என்று செய்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் அந்த விமானத்தின் பாதையை வரைபடத்தில் பின்தொடர்ந்தார்கள். இறங்கியது ஒரு கனடியத் தொழிலதிபரும் அவருடைய குடும்பமும். மறுநாள் ஓடானி தன் இன்ஸ்டாகிராமில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் சேர்வதாக எழுதினார்: 10 வருடம், 70 கோடி டாலர்.

இன்னொன்று, எனக்கு மறக்கவே முடியாதது. 2015 ஜூலை 29, மெட்ஸின் சிட்டி ஃபீல்ட் மைதானம். வில்மர் ஃப்ளோரெஸ் 16 வயதிலேயே மெட்ஸில் சேர்ந்தவர். அவரையும் பிட்சர் ஸாக் வீலரையும் மில்வாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி ஆட்டத்தின் நடுவே ரசிகர்களின் போன்களுக்கு வந்துவிட்டது. களத்தில் இருந்தவருக்குத் தெரியாது. அவர் பேட் செய்ய வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றபடியே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேமரா அதை விடாமல் காட்டியது. ஆட்டம் முடிந்து பார்த்தால் ட்ரேடே நடக்கவில்லை. பதிலுக்கு வரவேண்டியவரின் இடுப்பு குறித்த மருத்துவ அறிக்கையில் மெட்ஸுக்குத் திருப்தி இல்லை. இரண்டு நாள் கழித்து வாஷிங்டனுக்கு எதிராக 12-ஆவது இன்னிங்ஸில் ஃப்ளோரெஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். ஓடி வரும்போது நெஞ்சில் இருந்த மெட்ஸ் என்ற எழுத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

ஜெஃப் பஸான், கென் ரோசென்தால் போன்ற செய்தியாளர்கள் நம்பகமானவர்கள். ஆனால் அவர்கள் பெயரில் போலிக் கணக்குகள் நிறைய உண்டு. முக்கியமான நாளில்தான் அவை கிளம்பும். கணக்கின் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அப்புறம் நம்புங்கள்.

ஜூலை கடைசி

அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ள ஜூலை கடைசியோடோ ஆகஸ்ட் முதல் நாள்களோடோ கெடு முடிகிறது. 2025-இல் ஜூலை 31, பாஸ்டன் நேரம் மாலை 6 மணி. நமக்கு ஆகஸ்ட் 1 விடியற்காலை 3:30. ஜெயிக்கும் அணிகள் வாங்கும், தோற்கும் அணிகள் விற்கும். டக்-அவுட்டில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் கேமராக்கள் அங்கே திரும்பும். ரசிகர்கள் அதை வைத்தே யார் போகிறார் என்று ஊகிப்பார்கள். மேஜர் லீகில் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் ட்ரேட் செய்ய முடியாது. "பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர்" என்று ஒருவர் ட்ரேடில் இருந்தால் ஆறு மாதத்துக்குள் அந்தப் பெயர் வரும்.

2004 ஜூலை 31 அன்று ரெட் சாக்ஸ் நோமர் கார்சியாபாராவை நான்கு அணிகள் சேர்ந்த ஒரு ட்ரேடில் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பியது. பாஸ்டனின் செல்லப்பிள்ளை அவர். ஊரே கொதித்தது. அதே நாளில் டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரரை, ஒரு மைனர் லீக் வீரரைக் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் கொதிப்பில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரில் ரெட் சாக்ஸ் 0-3 பின்னால். நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் குறைவு, பந்து போடுவது யாங்கீஸின் பெயர்பெற்ற பிட்சர் மரியானோ ரிவேரா. கெவின் மில்லர் வாக் (நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்கி முதல் பேஸுக்குப் போக, அவருக்குப் பதில் ஓட ராபர்ட்ஸ் இறக்கப்பட்டார். அவர் இரண்டாவது பேஸைத் திருடினார், அதாவது பந்து போடும்போதே ஓடி அங்கே போய்ச் சேர்ந்தார். அடுத்து பில் மியூலரின் அடியில் ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்து ரன் எடுத்தார். ஆட்டம் சமன். 12-ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்து வெற்றி. அங்கிருந்து தொடரையும், 1918-க்குப் பிறகு முதல்முறையாக உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றது ரெட் சாக்ஸ். இரண்டாவது பெயரைத் தேடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஒரு ட்ரேடை எடைபோடுவது

செய்தி வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். போகிறவருக்கு ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம்? சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? வருகிறவர்கள் எப்போது பயன்படுவார்கள்?

மேஜர் லீகில் ஆறு வருடச் சேவை முடித்தவர், ஒப்பந்தம் இல்லாவிட்டால், விரும்பிய அணிக்குப் போகலாம். 2020 பிப்ரவரியில் மூக்கி பெட்ஸுக்கு அந்தச் சுதந்திரம் கிடைக்க ஒரே ஒரு சீசன்தான் பாக்கி. 2018-இல் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கி, சாம்பியன் பட்டமும் வாங்கிக்கொடுத்தவர். அணி 20.8 கோடி டாலர் ஆடம்பர வரி வரம்புக்குக் (சம்பளச் செலவு இதைத் தாண்டினால் லீக் வரி போடும்) கீழே போக விரும்பியது. அதனால் பெட்ஸையும் டேவிட் பிரைஸையும் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். பிரைஸ் சம்பளத்தில் பாதியைப் பாஸ்டனே ஏற்றது. வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, கானர் வோங், ஜீட்டர் டவுன்ஸ். வோங் கேட்சராகக் கைகொடுத்தார், டவுன்ஸ் எடுபடவில்லை, வெர்டூகோவைப் பின்னால் யாங்கீஸுக்கே அனுப்பினார்கள். பெட்ஸ் டாட்ஜர்ஸுடன் 2020, 2024, 2025 என மூன்று பட்டம் வென்றுவிட்டார். பணம் இல்லாத அணி செய்திருந்தால் புரிந்துகொள்ளலாம். பாஸ்டனுக்குப் பணம் இருந்தது. இதை நான் இன்றும் ஏற்கவில்லை.

ரஃபேல் டெவர்ஸ் விஷயம் இவ்வளவு நேரானதல்ல. 10 வருடம், 31.35 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தவர். 2025-இல் அலெக்ஸ் பிரெக்மன் வந்ததும் மூன்றாவது பேஸை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் பேஸ்காரர் காயப்பட்டபோது அங்கே ஆட மறுத்தார். உறவு கசந்தது. ஜூன் 15, ஞாயிறு, எங்கள் ஃபென்வே மைதானத்தில் யாங்கீஸை மூன்றாவது நாளாகத் தோற்கடித்தோம். டெவர்ஸ் அன்று ஹோம் ரன்னும் அடித்தார். அன்று மாலையே அவரை ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி. மீதிச் சம்பளம் முழுக்க ஜயன்ட்ஸ் பொறுப்பு. அந்த வருடம் பாஸ்டன் 2021-க்குப் பிறகு முதல்முறையாக ப்ளேஆஃப் போனது. அதனால் ட்ரேட் சரி என்று சிலர் சொல்கிறார்கள். அணி ஜெயித்தது என்பதற்காக ட்ரேட் நல்லதாகிவிடாது. கிடைத்த பணத்தை எதற்குச் செலவழித்தார்கள் என்று பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இளம் வீரர்கள் வரும் ட்ரேடுக்குக் குறைந்தது மூன்று வருடம் பொறுங்கள். 2022-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 23 வயது ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்குக் கொடுத்தபோது வாஷிங்டன் ரசிகர்கள் நொந்துபோனார்கள். வந்தவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ் 2024-இலும், ஜேம்ஸ் வுட்டும் மெக்கென்ஸி கோரும் 2025-இலும் ஆல்-ஸ்டார் (சீசனின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார்கள். ட்ரேட் நடந்த அன்றே ஒரு நோட்டில் பெயர்களையும் உங்கள் கருத்தையும் எழுதி வையுங்கள். பின்னால் புரட்டிப் பார்த்தால் உங்கள் பார்வை எங்கே கூர்மை, எங்கே அவசரம் என்று தெரியும்.

கோபம் வரும். வரட்டும், அக்கறை இருப்பதால்தான் வருகிறது. ஆனால் வீரரின் சமூக வலைத்தளப் பக்கத்துக்குப் போய்த் திட்டாதீர்கள். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த லியம் ஹென்ட்ரிக்ஸ் 2025-இல் ரெட் சாக்ஸுக்கு ஆடியபோது, தனக்கும் மனைவிக்கும் கொலை மிரட்டல் வருவதாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மிரட்டல்களில் பந்தயத்தில் பணம் இழந்தவர்களுக்கும் பங்கு உண்டு. பந்தயச் செயலிகள் பக்கமே போகாதீர்கள்.

குளிர்காலம்

சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடர் முடிந்ததும் நியூஸ் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். 60 நாள் பட்டியலில் இருந்தவர்கள் நவம்பரில் மறுபடி 40 பேருக்குள் வந்தாக வேண்டும். இட நெருக்கடி தொடங்குவது அங்கே. டிசம்பரில் ரூல் ஃபைவ் டிராஃப்ட்: பல வருடம் மைனர் லீகில் இருந்தும் 40 பேரில் சேர்க்கப்படாதவரை வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் சீசன் முழுக்க 26 பேரில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேவரில் விட்டு, பழைய அணிக்கே திருப்பித் தர முன்வர வேண்டும். 2020-இல் யாங்கீஸ் பட்டியலில் சேர்க்காமல் விட்ட காரெட் விட்லாக்கை ரெட் சாக்ஸ் இப்படித்தான் எடுத்தது. முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து தேறிவந்த பிட்சர் அவர். அடுத்த வருடமே 1.96 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன், குறைவாக இருந்தால் நல்லது). யாங்கீஸ் அவரைச் சேர்க்காமல் அந்த வருடம் யாருக்கெல்லாம் இடம் வைத்திருந்தார்கள் என்று பழைய பட்டியலைத் தேடிப் பாருங்கள், நல்ல பயிற்சி.

பிப்ரவரி தொடக்கத்தில் ஃபென்வேயிலிருந்து சாமான் லாரி ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸுக்குக் கிளம்பும். ரசிகர்கள் குளிரில் நின்று கையசைத்து அனுப்புவார்கள். பயிற்சி முகாம் திறந்ததும் 60 நாள் பட்டியலும் மறுபடி திறக்கிறது. அதுவரை இடமில்லாமல் கையெழுத்தாகாமல் இருந்த ஒப்பந்தங்கள் அந்த வாரத்தில் வரிசையாக அறிவிக்கப்படும். முதல்முறை பின்தொடரப்போகிறவர்கள் அந்த வாரத்திலிருந்து தொடங்கலாம்.